சந்தில் காத்திருக்கும் வாடிக்கையாளர்

முதலில் அந்த டேப்பைச் சுருட்டிப் பையில் போடுங்கள் சார். காபி குடித்துவிட்டு அளக்கலாம். சந்து எங்கேயும் ஓடிப்போகாது. வண்டியும் ஓடாது, டேங்கில் டீசல் வாசனை மட்டும்தான் பாக்கி.

சர்க்கரை போதுமா? அம்மா போட்டு வைத்த டிகாக்‌ஷன். காலையிலேயே பெருந்துறைக்குச் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கோயில் நோன்பி, திருவிழா என்றால்கூட இந்தத் தெருவைத் தாண்டாத ஆள், இன்றைக்குப் பார்த்துப் போயிருக்கிறார். போகும்போது, "ஆராச்சும் வந்தாங்கன்னா மருவாதையாப் பேசு கண்ணு, காப்பி குடு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு பேருக்கு டிகாக்‌ஷன் இருக்கிறது பாருங்கள். நான் ரெண்டு தடவை குடிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"வீட்ல யாருங்க? செட்பேக் இன்ஸ்பெக்‌ஷன்!"

எப்படி? உங்கள் குரல்தான் சார். கேட்டில் நின்று கூப்பிட்டீர்களே, அப்போதே பிடித்துவிட்டேன். கடைசியில் வரும் 'க்‌ஷனை' நீங்கள் மூக்கு வழியாக வெளியே விடுகிறீர்கள். கோபப்படாதீர்கள், எனக்கு இது வியாதி. யார் வாயைத் திறந்தாலும் என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் பிரேயர் மைக்கில் ஒருநாள் லீவு விட்டேன். பாதிப் பள்ளிக்கூடம் கேட்டைத் தாண்டிவிட்டது. ஹெட்மாஸ்டரே தன் ரூமில் உட்கார்ந்துகொண்டு, 'நான் எப்போது சொன்னேன்?' என்று யோசித்தாராம். செந்தூரன் என்று பெயர் சொன்னால் பிளஸ் ஒன்னில் யாருக்கும் தெரியாது. 'குரல் திருடன்' என்று கேளுங்கள், வாட்ச்மேன் உட்பட எல்லோரும் கை காட்டுவார்கள்.

அம்மா குரல் மட்டும் வராது. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பிடித்துத் தொங்க அதில் ஒன்றுமே இல்லை சார். யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும் என்றால் முதலில் 'ஒண்ணுமில்லைங்க' என்பார். "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் கறிவேப்பில இருக்குங்களா?" ஒன்றுமில்லை என்றால் எதற்குக் கேட்கிறார்? அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்து வைத்திருக்கிறேன். குரல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்துக்கு உங்கள் பாஷையில் சைடு செட்பேக். எங்கள் பொன்மணி நகர் சங்கத்துச் செயலாளர் அர்த்தநாரி ஐயா பாஷையில், "வானம் பாத்த எடம்". மாதாமாதம் பூங்காவில் கூட்டம் போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசிப்பார். "செட்பேக்குங்கறது வானம் பாத்த எடமா இருக்கோணும். தகரம் போடப்படாது. சாமான் அடுக்கப்படாது. சரக்கு வண்டி நிறுத்தப்படாது. நாளைக்கு ஒரு தீ கீ புடிச்சா தீயணைப்புக்காரன் எந்த வழியா வருவான்? மொட்டமாடில குதிப்பானா?" ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பார்ப்பாரா இல்லையா? எனக்கு அப்படித்தான் தோன்றும்.

எங்கள் சந்தில் நிற்பது இந்தக் குட்டியானை. அப்பாவின் வண்டி. மேலே நாலு கூம்பு ஸ்பீக்கர், உள்ளே ஆம்பிளிஃபயர், மைக். என் அப்பா சென்னியப்பனைத் தெரியாவிட்டாலும் குரலைக் கேட்டிருப்பீர்கள். கேட்டிருப்பீர்கள் சார், நீங்களும் இந்த ஊர்தானே? ஆடித் தள்ளுபடியா, கண் மருத்துவ முகாமா, கோயில் கும்பாபிஷேகமா, காணாமல் போன எருமையா, எல்லாம் அப்பாதான். எருமைக்கும் அவர் அதே மரியாதை கொடுப்பார். "பெரியோர்களே! தாய்மார்களே! நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடன், சாதுவான குணமுடைய எருமை ஒன்று..." எருமையே கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

வண்டியைச் சந்துக்குள் நுழைப்பது சர்க்கஸ். ரெண்டு பக்கமும் கை நுழையும் இடைவெளிதான். டிரைவர் பக்கக் கதவு பாதிதான் திறக்கும். அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். ஆனால் உடனே இறங்க மாட்டார். நேரே பாருங்கள், டிரைவர் சீட்டுக்கு எதிரே எங்கள் சமையல்கட்டு ஜன்னல். என்ஜினை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, மைக்கை எடுப்பார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! சாந்தாமணி உணவகத்தின் ஒரே வாடிக்கையாளர் சந்தில் காத்திருக்கிறார்! தோசை முறுகலாக! சட்னி தாராளமாக!"

சாந்தாமணி அம்மாவின் பெயர். அறிவிப்பு முடிந்ததும் அம்மா தோசைக் கரண்டியால் ஜன்னல் கம்பியில் டிங் டிங் என்று தட்டுவார். 'வாங்க' என்று அர்த்தம். அந்தத் தட்டுக்கு அப்புறம்தான் அப்பா இறங்குவார். அந்த அறிவிப்புக்கு அப்புறம்தான் கல்லில் மாவு விழும். இது எங்கள் வீட்டுச் சட்டம் சார். உங்கள் சட்டம் மாதிரி இதை யாரும் கூட்டம் போட்டு வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதோ, இந்தப் பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடியில் ஒருநாள் அறிவிப்பு வரவில்லை. நான் டியூஷனில் இருந்தேன். அன்றைக்கு முழுக்க அப்பா ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். வண்டி உள்ளே வந்தது, என்ஜின் நின்றது. அம்மா கல்லைக் காயவைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு நின்றிருக்கிறார். யாரிடமோ போனில் பேசுகிறார் போல என்று நினைத்திருக்கிறார். கல் காய்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்திருக்கிறார். கல் புகைய ஆரம்பித்த பிறகுதான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அப்பா ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தார். மைக் கையில்தான் இருந்தது.

'கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா' என்று ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் சொன்னார். அந்தக் குரலை நான் எடுக்கவில்லை.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. சோகம் எனக்கு ஒத்துவராது சார்.

இப்போது அதிசயத்தைக் கேளுங்கள். போன மார்கழியில் எனக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தோம். சளி இல்லை, குரல் உடைந்திருக்கிறது. ஒரு மாதம் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி கத்திக்கொண்டு திரிந்தேன். பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "துண்டு எங்கே?" என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. உடைந்த குரல் திரும்பி வந்தபோது அப்பா குரலாக வந்திருந்தது!

மிமிக்ரி இல்லை சார் அது. மற்றவர்களை நான் முயற்சி பண்ணிப் போட வேண்டும். அப்பாவைப் போடவே வேண்டாம், சும்மா வாயைத் திறந்தால் போதும்.

சும்மா இருப்பேனா? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா தோசைக்குக் கல் போட்டதும் பூனை மாதிரி வண்டிக்குள் ஏறினேன். மைக்கை எடுத்தேன். "பெரியோர்களே! தாய்மார்களே! சாந்தாமணி உணவகத்தின் ஒரே வாடிக்கையாளர் சந்தில் காத்திருக்கிறார்!"

அம்மா ஓடி வந்தார் பாருங்கள்! செருப்பில்லை, கையில் கரண்டி, வாசலிலிருந்து சந்துவரைக்கும் மாவு சொட்டிக்கொண்டே. வந்து கதவைப் பிடித்து உள்ளே பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். அப்படியே அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிரித்தார். சத்தமே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு. என் கலை வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததே இல்லை.

அதற்கப்புறம் விடுவேனா? தினமும் சாயங்காலம் அறிவிப்பு. அன்றைக்கு வராமல் போன ஒன்றை நான் தினம் வரவைத்துவிடுகிறேன், கணக்கு நேராகிவிடும் இல்லையா? அம்மாவுக்கும் பழகிவிட்டது. கரண்டியால் தட்டுவதில்லை, கையில் வேலை இருக்கும். ஜன்னலை மூடி வைத்துவிடுகிறார், சந்தில் கொசு. பகலிலும் சமையல்கட்டில் டியூப்லைட் எரிகிறது. சாயங்காலமானால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார், எனக்குப் போட்டியாக! நானும் சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றுவேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரே கலகலப்பு சார். தோசைதான் கிடையாது. மாவு சீக்கிரம் புளித்துப் போகிறதாம். தினமும் சப்பாத்தி, அதுவும் மத்தியானமே சுட்டு மூடி வைத்துவிடுகிறார்.

ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல கண்ணு... வண்டிய ஆருக்காச்சும் குடுத்துரலாமா?" என்றார். நான் சும்மா இருப்பேனா, அப்பா குரலிலேயே பதில் சொன்னேன். "ஏன் சாந்தா, என்னையும் சேத்தா குடுக்கற?" எழுந்து போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எப்படி மடக்கினேன் பாருங்கள்! விளையாட்டுக்குக் கேட்டிருப்பார் என்று அப்போதே தெரியும் எனக்கு.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் நோட்டீஸ் வந்தது. பக்கவாட்டுக் காலியிடத்தில் சரக்கு வாகனம், ஒலிபெருக்கிகள், தகரக் கூரை. புகார் வந்திருக்கிறது, ஆய்வு செய்து அகற்றப்படும். கடைசி வார்த்தையைப் படித்ததும் நோட்டீஸைக் கசக்கிவிட்டேன், கோபத்தில்தான். இந்த வண்டியை எடுத்துவிட்டால் அப்பா எங்கே சார் வந்து நிற்பார்?

யார் புகார் கொடுத்தது என்று எனக்கா தெரியாது? அர்த்தநாரி ஐயாதான். வேறு யார்? ஒருநாள் சாயங்காலம் நான் அறிவித்துக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். வேவு பார்க்க வந்தவர்தானே அப்படிப் போவார்?

சரி, ஆளைச் சும்மா விடக்கூடாது. அவர் வீட்டுச் சந்து ஒரு பழைய சாமான் கடை. அதை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம்! போன் போட்டேன். உங்கள் ஆபீஸ் ஆள் மாதிரி, ஆனால் பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். "சாருங்களா? செட்பேக் செக்கிங்குங்க. நாளைக்குக் காலைல ஒங்க வீட்ல இருந்துதான் ஆரம்பிக்கறோம்." அந்தப் பக்கம், "ஐயோ, ஏனுங்க, எங்க வூட்லயேங்களா?" அவ்வளவுதான், விடிந்ததும் பார்க்கணுமே நீங்கள். ஓடாத ஏர்கூலர், காலில்லாத கட்டில், பேரனின் தொட்டில், ஆட்டுக்கல், மூணு குக்கர், பாதி சைக்கிள், எல்லாவற்றையும் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் இறக்கிவிட்டார்கள். போகிறவர்கள் நின்று, "கட்டில் என்ன வெலைங்க?" என்று கேட்கிறார்கள். "வெலைக்கு இல்லீங்க, இன்ஸ்பெக்‌ஷனுங்க!" என்று ஐயா கத்துகிறார். நான் அதோடு விட்டேனா? மொட்டைமாடியிலிருந்து, "பழைய இரும்பு, ஈயம், பித்தாளே..." என்று குரல் விட்டேன். ஐயா சம்சாரம் ருக்மணி அம்மா ஓடிப்போய்க் குக்கர் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்!

ஐயா அண்ணாந்து பார்த்துவிட்டார். செத்தோம் என்று நினைத்தேன். திட்டவில்லை சார். "உன் தொண்டைல உங்கொப்பன் இருக்கான்டா. பாத்துச் செலவு பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பொறாமை. வேறென்ன?

என்ன சார்?

அவர் இல்லையா? அவர் உங்கள் ஆபீசுக்கு வந்தாரா? வந்து என்ன சொன்னார்? 'அந்த வண்டிக்கு மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க' என்றா? நம்ம அர்த்தநாரி ஐயாவா? சந்தேகமாக இருக்கிறது. போன வாரமா? தெருவில் அவரை நான் அந்த ஆட்டம் ஆட்டி வைத்ததற்கு அப்புறமா?

அப்படியென்றால் யார்?

போனில் வந்த புகாரா? பெண் குரலா! சொல்லியிருக்கலாமே சார் முதலிலேயே. அப்படியென்றால் பக்கத்து வீட்டுப் பூங்கோதை அக்காதான். கேளுங்கள். "ஹலோ ஹலோ ஹலோ, ஆபீசுங்களா, இங்க பெரிய ரோதனயாப் போச்சுங்க, வந்து என்னான்னு கேளுங்க!" வேகமாக, மூச்சே விடாமல். இப்படியா? இல்லையா. ருக்மணி அம்மா? "இந்தாப்பா, ஒரு கம்ப்ளேண்டு எழுதிக்கோ." இப்படி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு? அதுவும் இல்லையா.

போனை எடுத்தது நீங்கள்தானே? ஞாபகம் இருக்கிறதா? அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். அவர்கள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொல்லுங்கள். உங்கள் மூக்குக் குரலிலேயே சொல்லுங்கள், பரவாயில்லை, ஆளை நான் கண்டுபிடிக்கிறேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாத குரல் கிடையாது. போட்டுப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு இடத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த அம்மாளுக்கு இருக்கிறது கச்சேரி!

சொல்லுங்கள். மெதுவாகவா பேசினார்கள்? எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரியா? சரி. எந்த நேரம்? சாயங்காலமா. பின்னால் ஏதாவது சத்தம்?

ரேடியோவா?

ம். எல்லார் வீட்டிலும்தான் ரேடியோ இருக்கிறது. மேலே சொல்லுங்கள். முதல் வார்த்தை என்ன? 

ஓ.

சரி, இருங்கள், போட்டுப் பார்க்கிறேன். மெதுவாக. கொஞ்சம் மூச்சு. 'ஒண்ணுமில்லைங்க... ஒரு வண்டி நிக்குதுங்க சந்துல. அத எடுக்கச் சொல்லீட்டாப் போதுமுங்க. அந்தக் கொரல... தாங்கலீங்க. பையன ஒண்ணும் திட்டிராதீங்க. அவன் ஆசையாத்தானுங்க பண்றான். நான் சொன்னேன்னு அவனுக்கு...'

...

இல்லை சார். ஒன்றுமில்லை. தொண்டையில் பிஸ்கட் தூள்.

தெரியவில்லை சார். இது யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. நம்ம தெருக் குரலே இல்லை. எல்லார் குரலும் தெரியும் என்று சொன்னேனா? சும்மா பீற்றிக்கொண்டது. விடுங்கள். யாரோ தெரியாதவர்கள். அவர்கள் மறுபடி கூப்பிட்டால், பையன் திட்டு வாங்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தான் என்று சொல்லிவிடுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். அவனுக்குத் தெரியாது என்று சொல்லுங்கள்.

காபி ஆறிவிட்டது. வைத்துவிடுங்கள், நான் வேறு போட்டுத் தருகிறேன், அப்புறமாக.

டேப்பை எடுக்காதீர்கள் சார். அளக்க வேண்டியதில்லை. சாவி இதோ இருக்கிறது. கியரை நியூட்ரலில் போட்டால் நகரும். போன வாரம்தான் டயருக்குக் காற்றடித்தேன். ஸ்பீக்கர் வயரை முதலில் பிடுங்கிவிடுகிறேன். நாம் ரெண்டு பேர் போதாது, அர்த்தநாரி ஐயாவையும் கூப்பிடுகிறேன். என் குரலிலேயே கூப்பிடுகிறேன். அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒண்ணுமில்லைங்க சார்... ஒரு கை புடிக்கறீங்களா? மத்தியான பஸ்ஸுக்கு அம்மா வந்துருவாங்க. அதுக்குள்ள அந்த ஜன்னலத் தொறந்து வெக்கோணும்.